ஆஃப் செய்து ஆன் செய்வதற்கு முன்: ரவுட்டரின் லாக் எங்கே போகிறது?

சில வருடங்களுக்கு முன் ஒரு கல்லூரியின் நெட்வொர்க்கை அவ்வப்போது போய்ப் பார்த்துக்கொண்டிருந்தேன். வாரத்தில் இரண்டு மூன்று நாள் காலையில் லேப் உதவியாளரிடமிருந்து போன் வரும். "சார், நைட்டு மறுபடியும் நெட் போச்சு. எல்லாத்தையும் ஆஃப் பண்ணி ஆன் பண்ணினேன், வந்துடுச்சு." நான் போய் ரவுட்டருக்குள் நுழைந்து லாக்கை, அதாவது நடந்ததை அது குறித்துவைக்கும் பதிவை, பார்ப்பேன். அவர் பவரைப் போட்ட நொடியிலிருந்துதான் அது தொடங்கும். இரவில் நடந்தது எதுவும் அதில் இருக்காது. முதல் வரிகளில் தேதி மார்ச் 1 என்று இருக்கும். அப்போது நடந்துகொண்டிருந்தது ஆகஸ்ட்.

மூன்று வாரம் இப்படியே போனது. கேபிளை மாற்றினோம், இணைய இணைப்பு தரும் நிறுவனத்திடம் புகார் கொடுத்தோம், ரவுட்டரே பழுதாக இருக்குமோ என்று கூட யோசித்தோம். எல்லாமே ஊகம். அந்தப் பெட்டி ஒவ்வொரு இரவும் நடந்ததை வரி வரியாக எழுதித்தான் வைத்திருந்தது. காலையில் சுவிட்சைத் தட்டியதும் எழுதியது அத்தனையும் அழிந்துபோனது. அந்தத் தம்பியைக் குறை சொல்ல முடியாது. மாணவர்கள் வந்து நிற்கும்போது நெட்டைக் கொண்டுவருவதுதான் அவர் வேலை. லாக் வெளியே போய்ச் சேர வழி செய்யாமல் விட்டது என் தவறு.

ரவுட்டர் வாங்கி வந்த நிலையிலேயே லாக் எழுதும். ஆனால் அது எழுதும் இடமும் போடும் நேரமும் பெரும்பாலும் நமக்குப் பயன்படாது. அதை மாற்ற நாமே ஒரு பத்து நிமிடம் உட்கார வேண்டும். எதை மாற்றுவது, ஏன் மாற்றுவது என்பதை இங்கே விரிவாகச் சொல்கிறேன். சிஸ்கோ ரவுட்டரை முக்கிய உதாரணமாக வைத்துக்கொள்கிறேன். நம் ஊர்ச் சிறிய இணையச் சேவைக்காரர்கள் நிறையப் பயன்படுத்தும் மைக்ரோடிக் பற்றியும் சொல்கிறேன். கட்டளைகள் திரையில் ஆங்கில எழுத்தில்தான் இருக்கும். இங்கே அவற்றை ஒலிக்கும்படி தமிழில் எழுதுகிறேன்.

மின்னஞ்சலுக்காகப் பிறந்த ஒன்று

இந்தப் பதிவு முறைக்குப் பெயர் சிஸ்லாக். இது ரவுட்டருக்காகச் செய்யப்பட்டதே இல்லை. 1980களில் கலிஃபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் எரிக் ஆல்மன் சென்ட்மெயில் என்ற மின்னஞ்சல் மென்பொருளை எழுதிக்கொண்டிருந்தார். எந்த மடல் போனது, எது போகாமல் நின்றது என்று குறித்துவைக்க அவருக்கு ஒரு வழி தேவைப்பட்டது. அதற்காக எழுதிய துணைக்கருவிதான் சிஸ்லாக். எளிமையாக இருந்ததால் யூனிக்ஸில் மற்ற நிரல்களும் அதையே பயன்படுத்தத் தொடங்கின. பிறகு ரவுட்டர், சுவிட்ச், ஃபயர்வால் செய்தவர்களும் அதையே எடுத்துக்கொண்டார்கள்.

இவ்வளவு பரவியும் நீண்ட காலம் அதற்கு எழுதப்பட்ட விதி எதுவும் இல்லை. ஒருவர் செய்ததைப் பார்த்து இன்னொருவர் செய்தார், அவ்வளவுதான். 2001இல் வந்த ஆர்.எஃப்.சி. 3164 (இணைய விதிகளை எழுதிவைக்கும் ஆவண வரிசையில் ஒன்று) கூட, அதுவரை கம்பியில் எப்படிப் போய்க்கொண்டிருந்ததோ அதைக் கவனித்து எழுதி வைத்த ஆவணம்தான். முறையான தரநிலை 2009இல் ஆர்.எஃப்.சி. 5424 ஆக வந்தது. ஆனாலும் இன்று வேலையில் இருக்கும் ரவுட்டர்களில் பல இன்னும் பழைய வடிவத்தையோ அதன் சொந்தத் திரிபையோதான் அனுப்புகின்றன. அந்தப் பழைய வடிவத்தில் போடும் நேரத்தில் மாதம், நாள், மணி, நிமிடம், நொடி இருக்கும். வருடம் இருக்காது, எந்த நாட்டு நேரம் என்பதும் இருக்காது. இது எவ்வளவு தொல்லை தரும் என்பதற்குப் பிறகு வருகிறேன்.

ஒவ்வொரு செய்தியின் தலையிலும் ஒரு எண் ஒட்டிக்கொண்டு போகும். செய்தி எந்த வகைப் பகுதியிலிருந்து வருகிறது என்பதற்கு 0 முதல் 23 வரை ஓர் எண், எவ்வளவு தீவிரம் என்பதற்கு 0 முதல் 7 வரை ஓர் எண். முதலாவதை 8ஆல் பெருக்கி இரண்டாவதைக் கூட்டினால் தலையெண் கிடைக்கும். சிஸ்கோ ரவுட்டர் தன்னை 'லோக்கல்7' என்று சொல்லிக்கொள்ளும், அதன் எண் 23. தீவிரம் 5 என்றால் 23 பெருக்கல் 8, கூட்டல் 5, மொத்தம் 189. லாக்கை வாங்கி வைக்கும் சர்வரில் பாக்கெட்டைப் பிடித்துப் பார்க்கும்போது ஒவ்வொரு வரிக்கும் முன்னால் 189, 187 என்று வருவதைக் கண்டு குழம்புகிறவர்களுக்கு இந்தக் கணக்கு உதவும்.

எண் 5ஐ ஏன் விடக்கூடாது

தீவிர எண் சின்னதாக ஆக ஆக விஷயம் பெரியது. 0 என்றால் கருவியே பயன்படாத நிலை. 1 உடனே கை வைக்க வேண்டியது. 2 மிக மோசம், 3 பிழை, 4 எச்சரிக்கை, 5 கவனிக்கத்தக்கது, 6 தகவல், 7 பிழை தேடும்போது மட்டும் பார்க்கும் டீபக். சிஸ்கோவில் ஓர் எண்ணைச் சொன்னால் அதுவும் அதற்குக் கீழே உள்ள எல்லா எண்களும் வரும். 4 என்று வைத்தால் 0 முதல் 4 வரை.

இங்கேதான் நிறைய பேர் இடறுகிறார்கள். "எச்சரிக்கை வரைக்கும் போதும், மற்றதெல்லாம் குப்பை" என்று நினைத்து 4இல் நிறுத்திவிடுகிறார்கள். கேட்கச் சரியாகத்தான் இருக்கிறது. ஆனால் எந்தச் செய்தி எந்த எண்ணில் வருகிறது என்று பாருங்கள். இன்டர்ஃபேஸ், அதாவது கேபிள் செருகும் வாய், விழுந்தாலோ எழுந்தாலோ '%லிங்க்-3-அப்டவுன்'. அது வந்துவிடும். அதே இன்டர்ஃபேஸின் லைன் புரோட்டோகால் (அந்த இணைப்பில் தரவு போகும் நிலை) விழுந்தால் '%லைன்புரோட்டோ-5-அப்டவுன்'. அது வராது. பக்கத்து ரவுட்டருடன் பாதைகளைப் பகிர்ந்துகொள்ளும் ஓ.எஸ்.பி.எஃப். உறவு முறிந்தால் எண் 5. பி.ஜி.பி. என்ற இன்னொரு பாதைப் பகிர்வு முறையின் அண்டை ரவுட்டர் விழுந்தாலும் 5. யாராவது உள்ளே நுழைந்து கான்ஃபிக்கை (ரவுட்டரின் அமைப்புகளை) மாற்றினால் வரும் '%சிஸ்-5-கான்ஃபிக்_ஐ' என்ற வரியும் 5தான். ரவுட்டர் மறுபடி துவங்கியது என்ற செய்தியும் 5. யாரை விடுவது, யாரைத் தடுப்பது என்று சொல்லும் ஆக்சஸ் லிஸ்டில் 'லாக்' என்று போட்டிருந்தால் எந்த முகவரி தடுக்கப்பட்டது என்பது 6இல் வரும்.

ஒரு பிரச்சினை வந்தால் நாம் கேட்கும் முதல் கேள்வி "யாராவது எதையாவது மாத்தினீங்களா?" என்பதுதான். அதற்குப் பதில் இருக்கும் வரியே 4இல் நிறுத்தியவருக்குக் கிடைக்காது. ரவுட்டரைப் பொறுத்தவரை கான்ஃபிக் மாறுவது சாதாரண வேலை, பழுது இல்லை. அதனால் அதற்கு 5 கொடுக்கிறது. நமக்கோ, நள்ளிரவு ஒன்றரை மணிக்கு நமக்குத் தெரியாத ஒருவர் அதை மாற்றியிருந்தால், அதைவிடப் பெரிய செய்தி வேறில்லை. எண்ணைப் போடுகிறவர் மென்பொருளை எழுதியவர். நம் சூழ்நிலை அவருக்குத் தெரியாது.

இதற்கு 2023 அக்டோபரில் நடந்ததைவிடப் பொருத்தமான உதாரணம் எனக்குத் தெரியவில்லை. சிஸ்கோவின் ஐ.ஓ.எஸ். எக்ஸ்.இ. மென்பொருளில் இணையப் பக்கம் வழியாக ரவுட்டரை நிர்வகிக்கும் பகுதியில் ஓர் ஓட்டை இருந்தது. சி.வி.இ.-2023-20198 என்ற எண்ணுள்ள அதற்குத் தீவிர மதிப்பெண் 10க்கு 10. கடவுச்சொல் இல்லாமலே வெளியிலிருந்து ஒருவர் முழு அதிகாரமுள்ள பயனர் கணக்கை உருவாக்கிக்கொள்ள முடிந்தது. உலகம் முழுவதும் பல்லாயிரக்கணக்கான கருவிகளுக்குள் நுழைந்துவிட்டார்கள். நம் கருவியும் பாதிக்கப்பட்டதா என்று அறிய சிஸ்கோ சொன்ன வழிகளில் ஒன்று லாக்கைப் பார்ப்பது. இணையப் பக்கம் வழியாக கான்ஃபிக் மாற்றப்பட்டது என்ற வரி, உள்நுழைவு வெற்றி என்ற வரி, ஏதோ ஒரு கோப்பு நிறுவப்பட்டது என்ற வரி. முதல் இரண்டும் எண் 5, மூன்றாவது எண் 6. அதாவது 4இல் நிறுத்தி வைத்தவர்களின் சர்வரில் இந்த மூன்றில் ஒன்றும் இருந்திருக்காது. நுழைந்தவர்கள் போட்ட நச்சு நிரல் ரவுட்டரை ரீபூட் செய்தால் போய்விடும், அவர்கள் உருவாக்கிய கணக்கு மட்டும் தங்கிவிடும். ரீபூட் செய்து பார்த்தவர்கள் தடயத்தையும் சேர்த்து அழித்தார்கள்.

ஆகவே வெளியே அனுப்புவதற்கு 6 வரை வையுங்கள். சிஸ்கோவில் அதுதான் இயல்பாகவே இருக்கும் அளவு, 'லாகிங் டிராப் இன்ஃபர்மேஷனல்'. பலர் வேலை மெனக்கெட்டு அதைக் குறைத்து வைத்திருப்பதைப் பார்த்திருக்கிறேன். 7ஐ மட்டும் நிரந்தரமாக விட்டுவைக்காதீர்கள். அதற்கான காரணம் அடுத்தது.

நான்கு இடங்கள்

சிஸ்கோ ரவுட்டர் லாக்கை நான்கு இடங்களுக்கு அனுப்ப முடியும். ஒவ்வொன்றுக்கும் தனித்தனித் தீவிர எண் வைக்கலாம் என்பதே பலருக்குத் தெரிவதில்லை.

முதலாவது கான்சோல், அதாவது நீல நிறத் தட்டைக் கேபிளைச் செருகி மடிக்கணினியில் பார்க்கும் வழி. இயல்பாக இது 7 வரை எல்லாவற்றையும் கொட்டும். கான்சோலின் வேகம் வழக்கமாக 9600 பாட். ஓர் எழுத்துக்கு 10 பிட் என்று வைத்தால் நொடிக்கு 960 எழுத்து. ஒரு லாக் வரி சுமார் 100 எழுத்து. ஆக, நொடிக்கு ஒன்பது பத்து வரிக்கு மேல் அந்த வழியில் போக முடியாது. பாக்கெட் அளவிலான டீபக் ஒன்றைப் போக்குவரத்து நெரிசலில் இருக்கும் ரவுட்டரில் போட்டால் நொடிக்கு ஆயிரக்கணக்கில் வரி வரும். எழுத்து எழுத்தாக அதை வெளியே தள்ளுவதிலேயே ப்ராசஸர் மூச்சுத்திணறும். டீபக்கை நிறுத்தும் கட்டளையை அடித்தாலும் அது ஏறாது. கேபிளை யாரும் செருகியிராவிட்டாலும் ரவுட்டர் அந்தப் பக்கம் அனுப்பிக்கொண்டுதான் இருக்கும். அதனால் 'நோ லாகிங் கான்சோல்' என்று நிறுத்திவிடலாம், அல்லது 2 வரை மட்டும் விடலாம். நான் 2 வரை விடுவேன். ரவுட்டர் உயிருக்குப் போராடும்போது நேரில் போய் நிற்பவருக்கு அந்த ஓரிரு வரியாவது தெரிய வேண்டும்.

இரண்டாவது, தொலைவிலிருந்து எஸ்.எஸ்.ஹெச். மூலம் நுழைந்தவரின் திரை. இதில் 'டெர்மினல் மானிட்டர்' என்று அடித்தால்தான் லாக் வரும். டீபக் போட்டுவிட்டு ஒன்றுமே வரவில்லையே என்று காத்திருக்கும் புதியவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

மூன்றாவது பஃபர், ரவுட்டரின் நினைவகத்தில் ஒதுக்கிய ஒரு துண்டு. பெரும்பாலான கருவிகளில் இதன் இயல்பான அளவு 4096 பைட். வரிக்கு 100 எழுத்து என்றால் நாற்பது வரி! ஓர் இன்டர்ஃபேஸ் ஏறி இறங்கி விளையாடினால் சில நிமிடத்தில் நிறைந்து, பழைய வரிகள் மேலிருந்து உதிரத் தொடங்கிவிடும். 'லாகிங் பஃபர்டு 64000 இன்ஃபர்மேஷனல்' என்று ஒரே வரியில் இதைச் சரிசெய்யலாம். இன்றைய ரவுட்டரில் 64,000 பைட் ஒரு பொருட்டே இல்லை, அதைவிடப் பெரிதாகவும் வைக்கலாம். ஆனால் எவ்வளவு பெரிதாக வைத்தாலும் பவர் போனால் போச்சு. கல்லூரியில் எனக்கு நடந்தது அதுதான்.

நான்காவது, வேறொரு கணினி. 'லாகிங் ஹோஸ்ட் 192.168.10.5' என்று அந்தக் கணினியின் முகவரியைக் கொடுத்தால் போதும். கட்டளை ஒரு வரிதான் என்றாலும் அதைச் சுற்றி யோசிக்க வேண்டியது நிறைய இருக்கிறது.

பதில் எதிர்பார்க்காத கடிதம்

சிஸ்லாக் வழக்கமாக யு.டி.பி. 514ஆம் போர்ட்டில் போகும். யு.டி.பி. என்றால் தபால் பெட்டியில் போட்ட சாதாரணக் கடிதம் மாதிரி. போய்ச் சேர்ந்ததா என்று அனுப்பியவருக்குத் தெரியாது, தொலைந்தால் மறுபடி அனுப்பவும் மாட்டார். வழியில் நெரிசல் இருந்தால் காணாமல் போகும். லிங்க் விழுந்தது என்ற செய்தி அந்த விழுந்த லிங்க் வழியாகவே போக வேண்டியிருந்தால் அது போகவே போகாது. கிளை அலுவலகத்து ரவுட்டர் தலைமை அலுவலகத்தில் உள்ள சர்வருக்கு லாக் அனுப்புகிறது என்று வையுங்கள். இடையிலுள்ள இணைப்பு போன அந்த முக்கியமான நிமிடங்களின் பதிவு சர்வரில் இருக்காது. அதனால்தான் சர்வர் வைத்த பிறகும் பஃபரைக் குறைக்காமல் வைத்திருக்கச் சொல்கிறேன். முடிந்தால் கிளையிலேயே ஒரு சின்னக் கணினிக்கும் சேர்த்து அனுப்புங்கள். ஒன்றுக்கு மேற்பட்ட ஹோஸ்ட் கொடுக்க ரவுட்டர் தடை சொல்லாது.

தொலைந்ததைக் குறைந்தது தெரிந்துகொள்ளவாவது ஒரு வழி இருக்கிறது. 'சர்வீஸ் சீக்வென்ஸ்-நம்பர்ஸ்' போட்டால் ஒவ்வொரு வரிக்கும் வரிசை எண் வரும். சர்வரில் 1042க்கு அடுத்து 1057 இருந்தால் நடுவில் பதினான்கு வரி காணவில்லை என்று தெரியும். அப்புறம் ரவுட்டரின் பஃபரில் போய்த் தேடலாம்.

போய்ச் சேர்ந்ததா என்று சரிபார்த்து அனுப்பும் டி.சி.பி. வழியாக அனுப்பினால் தொலையாது என்று நினைக்கலாம். ஓரளவு உண்மை. டி.எல்.எஸ். என்ற மறையாக்கப் பூட்டுடன் 6514ஆம் போர்ட்டில் அனுப்புவதற்கும் தரநிலை இருக்கிறது. வழியில் யாரும் படிக்க முடியாது என்பதால், பொது இணையம் வழியாக லாக் போக வேண்டிய இடத்தில் அதைத்தான் செய்ய வேண்டும். ஆனால் டி.சி.பி.க்கு மாறும்போது ஒரு விஷயம் தெரிந்திருக்க வேண்டும். சிஸ்கோவின் ஏ.எஸ்.ஏ. ஃபயர்வாலில் டி.சி.பி. சிஸ்லாக் சர்வர் படுத்துவிட்டால், இயல்பான அமைப்பில் அது புதிய இணைப்புகளையே அனுமதிக்காது. பதிவு செய்ய முடியாவிட்டால் போக்குவரத்தும் வேண்டாம் என்ற கொள்கை. வங்கிக்கு அது சரியாக இருக்கலாம். லாக் சர்வரின் டிஸ்க் நிறைந்ததால் மருத்துவமனைக்கே நெட் நின்றுபோவது சரியில்லை. 'லாகிங் பெர்மிட்-ஹோஸ்ட்டவுன்' என்ற வரி அதை மாற்றும்.

இன்னொன்று, சிறியதுதான். ரவுட்டருக்குப் பல இன்டர்ஃபேஸ், பல முகவரிகள். லாக் எந்த வழியாக வெளியேறுகிறதோ அந்த முகவரியில் சர்வருக்குப் போகும். பாதை மாறினால் முகவரியும் மாறும். சர்வரில் பார்த்தால் ஒரே ரவுட்டர் மூன்று பெயரில் இருக்கும். எந்தக் கேபிளையும் சாராத லூப்பேக் என்ற உள் இன்டர்ஃபேஸோடு 'லாகிங் சோர்ஸ்-இன்டர்ஃபேஸ் லூப்பேக் 0' என்று கட்டிவிட்டால் எப்போதும் ஒரே முகவரி.

நேரம் சரியில்லாவிட்டால்

மார்ச் 1 கதைக்கு வருவோம். பேட்டரியுள்ள கடிகாரம் இல்லாத பழைய சிஸ்கோ கருவிகள் பவர் வந்ததும் 1993 மார்ச் 1 என்று எண்ணத் தொடங்கும். வரியின் முதலில் ஒரு நட்சத்திரக் குறி இருந்தால், இந்த நேரத்தை நம்பாதே என்று ரவுட்டரே சொல்கிறது என்று பொருள். நேரத்துக்குப் பதிலாக, ரவுட்டர் துவங்கி எவ்வளவு நேரமாயிற்று என்பதை மட்டும் போடும் கருவிகளும் உண்டு. "3 வாரம் 2 நாளில் லிங்க் விழுந்தது" என்ற வரியை வைத்துக்கொண்டு யாரிடம் என்ன பேச முடியும்?

அதனால் லாக்கைத் தொடுவதற்கு முன், நெட்வொர்க் வழியாக நேரம் வாங்கும் என்.டி.பி. மூலம் கடிகாரத்தைச் சரி செய்யுங்கள். நேர மண்டலத்தை 5 மணி 30 நிமிடம் என்று கொடுங்கள். பிறகு 'சர்வீஸ் டைம்ஸ்டாம்ப்ஸ் லாக் டேட்டைம்' கட்டளையில் மில்லிசெகண்ட், உள்ளூர் நேரம், வருடம், மண்டலத்தின் பெயர் எல்லாவற்றையும் சேர்த்துவிடுங்கள். வருடம் இல்லாத லாக்கை ஜனவரியில் உட்கார்ந்து வரிசைப்படுத்திய அனுபவம் ஒரு முறை போதும், பிறகு யாரும் அதை மறக்க மாட்டார்கள். கருவிகள் எல்லாம் இந்தியாவிலோ இலங்கையிலோ இருந்தால் உள்ளூர் நேரமே வசதி. இரண்டு நாட்டுக்கும் ஒரே நேரம், கோடைக்கால மாற்றமும் கிடையாது. சிங்கப்பூரிலும் துபாயிலும் கிளை உள்ள நிறுவனம் என்றால் எல்லா இடத்திலும் யு.டி.சி. (உலகப் பொது நேரம்) வைப்பதுதான் நல்லது. இரண்டையும் கலப்பது மட்டும் வேண்டாம்.

இந்தியாவில் இது இப்போது விருப்பத்தைப் பொறுத்த விஷயமும் இல்லை. மத்திய அரசின் கணினிப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் 2022 ஏப்ரல் 28 அன்று வெளியிட்ட உத்தரவு, சேவை நிறுவனங்கள், டேட்டா சென்டர்கள், கம்பெனிகள், அரசு அமைப்புகள் எல்லாம் தங்கள் தகவல் தொழில்நுட்ப அமைப்புகளின் லாக்கை இயக்கி 180 நாள் வைத்திருக்க வேண்டும் என்கிறது. கடிகாரங்களை என்.ஐ.சி. (தேசிய தகவலியல் மையம்) அல்லது டெல்லியிலுள்ள தேசிய இயற்பியல் ஆய்வகத்தின் நேர சர்வரோடு, அல்லது அவற்றைப் பின்பற்றும் சர்வரோடு ஒத்திசைக்கவும் சொல்கிறது. பட்டியலிட்ட வகைத் தாக்குதல் நடந்தது தெரிந்தால் ஆறு மணி நேரத்தில் தெரிவிக்க வேண்டும். ஆறு மணி நேரத்தில் என்ன நடந்தது என்று சொல்ல, நாற்பது வரி பஃபர் உதவாது.

மைக்ரோடிக் வைத்திருப்பவர்களுக்கு

மைக்ரோடிக்கில் சிந்தனையே வேறு மாதிரி. இங்கே எண் வரம்பு இல்லை, தலைப்புகள்தான். இன்ஃபோ, எரர், வார்னிங், கிரிட்டிகல் என்ற தீவிரங்களும் தலைப்புகளே. ஃபயர்வால், டி.ஹெச்.சி.பி., பி.பி.பி., சிஸ்டம் என்ற பகுதிகளும் தலைப்புகளே. எந்தத் தலைப்பு எந்தச் செயலுக்குப் போக வேண்டும் என்று விதி எழுத வேண்டும். மெமரி, டிஸ்க், எக்கோ, ரிமோட் என்பவை செயல்கள். இயல்பாகப் பெரும்பாலானவை மெமரிக்குப் போகும், அங்கே 1000 வரி நிற்கும், ரீபூட்டில் மறையும்.

சிஸ்கோவிலிருந்து வருகிறவர்கள் இங்கே செய்யும் தவறு ஒன்று உண்டு. ரிமோட் செயலில் சர்வர் முகவரியைக் கொடுத்துவிட்டு, இன்ஃபோ தலைப்புக்கு மட்டும் ஒரு விதி போட்டுவிட்டு, அதைவிடத் தீவிரமானவையும் தானாகப் போகும் என்று நினைத்துவிடுவார்கள். போகாது. எரர், வார்னிங், கிரிட்டிகல் ஒவ்வொன்றுக்கும் தனி விதி வேண்டும். தவறான கடவுச்சொல்லுடன் யாரோ முட்டிப் பார்க்கும் செய்தி சிஸ்டம், எரர், கிரிட்டிகல் என்ற தலைப்புகளில்தான் வரும். இன்ஃபோவை மட்டும் அனுப்பினால் சர்வரில் எல்லாம் அமைதியாகத் தெரியும், உள்ளேயோ நொடிக்கொரு முறை கதவு தட்டப்பட்டுக்கொண்டிருக்கும்.

அதேபோல ஃபயர்வாலில் தடுக்கும் ஒவ்வொரு பாக்கெட்டையும் லாக் செய்யச் சொன்னால், பொது முகவரியுள்ள ரவுட்டரில் 1000 வரி சில நிமிடம் கூடத் தாங்காது. எந்த விதியைத் தெரிந்துகொள்ள வேண்டுமோ அதில் மட்டும் லாக்கைப் போட்டு, அடையாளம் தெரிய ஒரு முன்னொட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

வீட்டு ரவுட்டர்களில் பெரும்பாலும் சிஸ்டம் லாக் என்று ஒரு பக்கம் இருக்கும், சிலவற்றில் சர்வர் முகவரி கொடுக்கும் கட்டமும் இருக்கும். ஓபன்டபிள்யூஆர்டி என்ற மாற்று மென்பொருளைப் போட்டவர்களுக்கு அந்த வசதி நிச்சயம் உண்டு. இல்லாதவர்கள், நெட் போனால் ஆஃப் செய்வதற்கு முன் அந்தப் பக்கத்தை போனில் ஒரு படம் எடுத்து வைத்துக்கொண்டாலே பாதி வேலை முடியும்.

வாங்கி வைக்கும் கணினி

பெரிய சர்வர் தேவையே இல்லை. மூலையில் கிடக்கும் பழைய டெஸ்க்டாப்பில் லினக்ஸ் போட்டால் போதும். ஆர்சிஸ்லாக் என்ற இலவச மென்பொருள் பல லினக்ஸ் வகைகளில் கூடவே வரும். அதைத் தொடங்கிய ரெய்னர் கெர்ஹார்ட்ஸ்தான் 2009 தரநிலையையும் எழுதியவர். 514ஆம் போர்ட்டைக் கேட்கச் சொல்லி, ஒவ்வொரு ரவுட்டருக்கும் தனிக் கோப்பு வைத்து, பழையதைச் சுருக்கி வைக்க லாக்ரொட்டேட்டை அமைத்துவிட்டால் வேலை முடிந்தது.

இடம் எவ்வளவு பிடிக்கும் என்று பயப்படுகிறவர்களுக்கு ஒரு கணக்கு. சாதாரணக் கிளை ரவுட்டர் ஒரு நாளைக்கு 500 வரி எழுதுகிறது, வரிக்கு 150 பைட் என்று வையுங்கள். 180 நாளைக்கும் சேர்த்து 14 எம்.பி. கூட வராது. போனில் எடுக்கும் சில புகைப்படங்களின் அளவு. ஃபயர்வால் லாக்கையும் சேர்த்து நொடிக்குப் பத்து வரி வந்தால் நாளைக்கு சுமார் 130 எம்.பி., 180 நாளைக்கு சுமார் 23 ஜி.பி. அதுவும் ஒரு பென் டிரைவ் அளவுதான்.

இடத்தைவிட எனக்குக் கவலை தருவது பாதுகாப்பு. யு.டி.பி.யில் யார் வேண்டுமானாலும் எந்த ரவுட்டரின் பெயரிலும் பொய்வரி அனுப்பலாம். அதனால் அந்தப் போர்ட்டை ரவுட்டர்களின் முகவரிகளுக்கு மட்டும் திறந்து வைத்து, நிர்வாகத்துக்கென்று பிரித்த தனி வழியில் லாக்கைக் கொண்டுவருவது நல்லது. லாக்கைப் படிக்கும் உரிமையையும் இரண்டு மூன்று பேரோடு நிறுத்துங்கள். அவசரத்தில் பயனர் பெயர் கேட்கும் இடத்தில் கடவுச்சொல்லை அடித்துவிடுகிறவர்கள் எல்லா அலுவலகத்திலும் இருக்கிறார்கள். உள்நுழைவு தோற்றது என்ற வரியில் அந்தக் கடவுச்சொல் அப்படியே பச்சையாக உட்கார்ந்திருக்கும். கான்ஃபிக் மாற்றங்களை வரி வரியாகப் பதிவு செய்யும் வசதியை இயக்கினால், கடவுச்சொற்களை மறைக்கும் 'ஹைட்கீஸ்' என்ற சொல்லையும் சேர்த்துப் போட மறக்காதீர்கள்.

2024 டிசம்பரில், அமெரிக்கத் தொலைத்தொடர்பு நிறுவனங்களுக்குள் சால்ட் டைஃபூன் என்ற குழு ஊடுருவியது வெளியான பிறகு, அந்நாட்டு இணையப் பாதுகாப்பு அமைப்பான சி.ஐ.எஸ்.ஏ.வும் கூட்டாளி நாட்டு அமைப்புகளும் ஒரு வழிகாட்டி வெளியிட்டன. லாக்கை கருவிக்கு வெளியே ஒரே இடத்தில் சேர்த்து வையுங்கள், அது போகும் வழியைப் பூட்டுங்கள், கான்ஃபிக் மாற்றங்களைக் கவனியுங்கள் என்பவை அதில் முக்கியமானவை. உள்ளே நுழைந்தவர் ரவுட்டரின் பஃபரை எளிதில் அழித்துவிடலாம். ஏற்கெனவே வெளியே போய்விட்ட வரியை அவரால் திரும்ப அழைக்க முடியாது.

எல்லாம் அமைத்த பின் சும்மா விட்டுவிடாதீர்கள். கான்ஃபிக் பயன்முறைக்குள் போய் எதையும் தொடாமல் வெளியே வாருங்கள். '%சிஸ்-5-கான்ஃபிக்_ஐ' என்ற வரி சில நொடிக்குள் சர்வரில் விழ வேண்டும். உங்கள் பெயர், நீங்கள் வந்த முகவரி, சரியான நேரம் எல்லாம் அதில் இருக்கிறதா என்று பாருங்கள். மாதம் ஒரு முறை இதைச் செய்யுங்கள். ஆறு மாதமாக எந்த வரியும் வராமல் நின்றுபோன சர்வரைத் தேவைப்படும் நாளில் திறந்து பார்ப்பது கொடுமை.

கல்லூரியில் நான்காவது வாரம் அப்படியொரு பழைய டெஸ்க்டாப்பை லேபில் யு.பி.எஸ்.ஸில் மாட்டி, ரவுட்டரையும் அதற்கு முன்னால் இருந்த சுவிட்சையும் அதற்கு லாக் அனுப்பச் செய்தேன். ஐந்தாம் நாள் காலை போன் வந்தது. வழக்கம்போல எல்லாவற்றையும் ஆஃப் செய்து ஆன் செய்திருந்தார்கள். இந்த முறை நான் ரவுட்டரைத் திறக்கவே இல்லை, டெஸ்க்டாப்பைத் திறந்தேன். இரவு 2 மணி 17 நிமிடத்தில் சுவிட்சிலிருந்து '%லிங்க்-3-அப்டவுன்' வரிகள், கீழே, மேலே, கீழே, மேலே என்று பத்து நொடிக்குள் அடுத்தடுத்து. அதற்கு அடுத்த வரி, லிங்க் அளவுக்கு மேல் துடிப்பதால் இந்த போர்ட்டை மூடிவிடுகிறேன் என்று சுவிட்ச் சொன்ன '%பி.எம்.-4-எர்_டிஸேபிள்'. பத்து நொடியில் ஐந்து முறை துடித்தால் சிஸ்கோ சுவிட்ச் அப்படித் தானாக மூடிக்கொள்ளும். பிறகு, இயல்பான அமைப்பில், யாராவது வந்து திறந்துவிட்டாலோ ரீபூட் செய்தாலோதான் திறக்கும். ஆஃப் செய்து ஆன் செய்ததும் நெட் வந்ததன் ரகசியம் அதுதான்.

அந்த போர்ட்டிலிருந்து கிளம்பிய கேபிளைப் பிடித்துக்கொண்டே போனோம். ஃபைபரைச் செம்புக் கம்பிக்கு மாற்றும் சின்ன மீடியா கன்வெர்ட்டர் பெட்டியில் போய் நின்றது. ரேக்கில் இருந்த மற்ற எல்லாம் யு.பி.எஸ்.ஸில் இருந்தன. இதன் அடாப்டர் மட்டும் சுவரில் இருந்த ஸ்டெபிலைசரில் செருகியிருந்தது. இரவில் வோல்டேஜ் ஏறி இறங்கும்போதெல்லாம் அந்த ஸ்டெபிலைசர் டக் டக் என்று வெட்டி வெட்டிக் கொடுத்துக்கொண்டிருந்தது. அடாப்டரைப் பிடுங்கி யு.பி.எஸ். பலகையில் செருகினோம். அந்தத் தம்பிதான் செருகினார்.